காதில் வைத்துக் கேட்ட லென்ஸ்

மட்டக்களப்பில் இருக்கும் பாலமீன்மடு வெளிச்சவீட்டை விடியும் முன் படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனதில் போட்டு வைத்திருந்தேன். 1913இல் கட்டிய வெள்ளைக் கோபுரம், 28 மீற்றர் உயரம். சூரியன் வர அரை மணித்தியாலத்துக்கு முன்னால் வானம் நீலமாகவும் கோபுரம் சாம்பலாகவும் இருக்கும். அந்த நிறம் பத்து நிமிசம்தான் நிற்கும். நாலரைக்கு எழும்பி, கல்லடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய், தூரத்தில் நின்று 300 மில்லிமீற்றருக்கு லென்ஸை இழுத்து, உச்சிப் பகுதியை மட்டும் சட்டத்துக்குள் கொண்டு வந்தேன். கமராவைத் தாங்கும் மூன்று கால் ட்ரைபொட் போட்டாயிற்று. ஐஎஸ்ஓ 100, எஃப்8, ஷட்டர் கால் செக்கனில் இருந்து ஒரு செக்கன் வரை. நாற்பது படம். கமராவின் பின் திரையில் எல்லாமே கண்ணாடி மாதிரி இருந்தன. திரும்பி வரும் வழியில் தேத்தண்ணிக் கடையில் நின்று, ஏதோ சாதித்தவன் போல இரண்டு வடை தின்றேன்.

வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு படமும் உருப்படியில்லை. கையில் பிடித்து எடுத்தால் வரும் கலங்கல் வேறு மாதிரி. அது கோடாக இழுபடும். இது அப்படி இல்லை. உச்சியில் இருக்கும் கைப்பிடிக் கம்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் ஆவி மாதிரி இன்னொரு கம்பி. எத்தனை கம்பி என்று எண்ணக்கூட முடியவில்லை. சில படங்களில் ஆவி இடப்பக்கம், சிலவற்றில் மேலே. ட்ரைபொட்டில் அசையாமல் நின்ற கமரா ஏன் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் போனது என்று விளங்கவில்லை.

பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. சனி, ஞாயிறில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் எடுக்கப் போவேன். அந்த வேலையில் ட்ரைபொட் தேவைப்படுவது குறைவு, ஃபிளாஷ் இருக்கிறது. அதனால் இந்த வருத்தம் எனக்கு அதுவரை பிடிபடவே இல்லை. முதலில் ட்ரைபொட்டில் பழி போட்டேன். விலை குறைந்தது, கால் மெல்லியது. அப்புறம் காற்றில். அப்புறம் என் விரலில், அழுத்தும்போது தட்டுகிறேன் என்று. இரண்டு செக்கன் டைமர் வைத்துப் பார்த்தேன், ரிமோட் வாங்கிப் பார்த்தேன். ஆவி போகவில்லை. லென்ஸ் இரண்டாம் கையாக வாங்கியது, எங்கோ விழுந்து உள்ளே ஏதோ கழன்றிருக்கும் என்று ஒரு கடையில் கொடுத்தேன். நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, வெளிக்கண்ணாடியைத் துடைத்துத் தந்து, காசும் வாங்கினார்கள். படம் அப்படியே ஆவியோடுதான் வந்தது.

எங்கள் ஒழுங்கையில் மாமா ஒருவர் இருக்கிறார். பிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். இப்போது கண் சரியில்லை, கமராவைத் தொடுவதில்லை, ஆனால் கதைக்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். அவரிடம் ட்ரைபொட்டோடு போய் நின்றேன். படத்தைப் பார்க்கவே இல்லை. கமராவைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கச் சொல்லிவிட்டு, குனிந்து லென்ஸின் பக்கத்தில் காதை வைத்தார்.

"மருமகன், இது பாடுது."

நானும் காதை வைத்தேன். மெல்லிய 'ர்ர்ர்' சத்தம். நுளம்பு தூரத்தில் பறக்கிற மாதிரி. பொத்தானை விட்டதும் ஒரு செக்கன் கழித்து 'டிக்' என்று நின்றது.

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு இந்தக் காரியம் புதிதில்லை. வாவியில் பாடும் மீன் கேட்க, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைப்பார்கள். லென்ஸுக்குள்ளும் ஒன்று பாடிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை. மாமா லென்ஸின் பக்கத்தில் இருந்த சின்னச் சுவிட்சை நகத்தால் கீழே தள்ளினார். பாதி அழுத்தினேன். சத்தம் இல்லை.

"கையில புடிச்சா போடு. காலில வெச்சா நிப்பாட்டு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்றால், இல்லை. மாமா சொன்னதில் முக்கால்வாசி சரி, கால்வாசி எனக்குப் பிறகு வேறு இடத்தில் உதைத்தது. அதைச் சொல்ல முதல், அந்தச் சுவிட்ச் உள்ளே என்ன செய்கிறது என்று நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சுவிட்ச் போட்டு நிறுத்துவது லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசரை, அதாவது கை ஆட்டத்தை ஈடுசெய்யும் பொறியை. கெனன் இதை ஐஎஸ் என்கிறது, நிக்கோன் விஆர், சிக்மா ஓஎஸ், டாம்ரோன் விசி, சோனி ஓஎஸ்எஸ். பெயர்தான் வேறு, லென்ஸுக்குள் நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே சின்ன ஜைரோ சென்சர்கள் இருக்கின்றன. ஒன்று கமரா மேல் கீழாகத் தலையாட்டுவதைப் பிடிக்கும், மற்றது இடம் வலமாகத் திரும்புவதைப் பிடிக்கும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அவை சொல்ல, ஒரு சில்லு கணக்குப் பார்த்து, காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து லென்ஸின் நடுவில் உள்ள ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்ப்பக்கம் நகர்த்தும். கை இடப்பக்கம் போனால் கண்ணாடி அதை ஈடுசெய்யும் பக்கம் போகும். படம் இருந்த இடத்திலேயே நிற்கும். மாற்று லென்ஸ் போடும் கமராக்களுக்கு இப்படி ஒன்று முதலில் வந்தது 1995இல், கெனனின் 75-300 ஸூம்.

இந்த ஏற்பாடு முழுக்க மனிதக் கைக்காகச் செய்தது. கை செக்கனுக்குச் சில தடவை நடுங்கும், அந்த நடுக்கத்துக்கு ஒரு அளவும் ஒரு தாளமும் உண்டு. ட்ரைபொட்டில் வைத்தால் அந்த நடுக்கம் இல்லை. ஆனால் சென்சர் எந்த நாளும் முழுச் சுத்தமான பூச்சியத்தைச் சொல்லாது, சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பை ஆட்டம் என்று நம்பி லென்ஸ் கண்ணாடியை நகர்த்துகிறது. நகர்த்தியதால் உண்டான அதிர்வு ட்ரைபொட் வழியாகத் திரும்பி சென்சருக்கே வருகிறது. ஆஹா, ஆட்டம்தான் என்று அது இன்னும் நகர்த்துகிறது. இப்படி ஒரு சுற்று. ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கூவுமே, அதே சங்கதி. கையில் பிடித்தால் நம் சதை அந்த அதிர்வை விழுங்கிவிடும். உலோகக் கால் விழுங்காது.

எவ்வளவு சின்ன நகர்வு படத்தைக் கெடுக்கும் என்று ஒரு நாள் கடையில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். என் கமராவில் 300 மில்லிமீற்றரில் படம் ஒரு பிக்சல் நகர, கமரா ஏறத்தாழ 3 விகலை திரும்பினால் போதும். ஒரு பாகைக்கு 3600 விகலை. ஏழு மீற்றர் தூரத்துச் சுவரில் அது ஒரு தலைமயிரின் தடிப்பு. ட்ரைபொட் அசையவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை.

ஏழு மீற்றர் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் விறாந்தையின் ஒரு முனையில் இருந்து மறு முனைச் சுவர் வரை அவ்வளவு தூரம். அந்தச் சுவரில் நாட்கிழிக்கும் கலண்டர் தொங்குகிறது. ராகுகாலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் எறும்பு எழுத்தில் இருக்கும் கலண்டர். லென்ஸைச் சோதிக்க அதைவிட நல்ல பலகை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போன நேரம், சீமெந்துத் தரையில் ட்ரைபொட்டை வைத்து, ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் சுவிட்ச் போட்டுப் பத்து, நிறுத்திப் பத்து என்று எடுத்தேன். யாராவது தங்கள் லென்ஸைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லும் ஒரே பதில் இதுதான்: இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டு, கலண்டரைப் படம் எடுங்கள்.

1/500இலும் 1/125இலும் ஒரு வித்தியாசமும் இல்லை. போட்டாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று. 1/15இல் சுவிட்ச் போட்ட பத்தில் மூன்று ஆவி. நிறுத்தியதிலும் எல்லாம் இலேசாக மழுங்கி இருந்தன, அது வேறு காரணம், பிறகு சொல்கிறேன். அரைச் செக்கனில் சுவிட்ச் போட்ட பத்தில் எட்டு பழுது. நிறுத்திய பத்தில் ஒன்று மட்டும், அதுவும் வெளியே ஒழுங்கையில் ஓட்டோ போன நேரம். எட்டுச் செக்கனில் போட்டவை எல்லாமே கஞ்சி. 'எமகண்டம்' என்ற சொல்லே காணாமல் போயிருந்தது. நல்ல சகுனம்தான். நிறுத்தியவை பத்தும் எழுத்து எழுத்தாக வாசிக்கலாம்.

இவை என் லென்ஸின் எண்ணிக்கைகள், அதுவும் பழைய லென்ஸ். உங்களுடையது வேறு மாதிரி இருக்கலாம். 1999இல் கெனன் கொண்டு வந்த பெரிய டெலிஃபோட்டோக்களில் இருந்தே, தான் ட்ரைபொட்டில் நிற்கிறேன் என்று லென்ஸ் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி வரத் தொடங்கிவிட்டது. ஆட்டம் போதிய அளவு இல்லை என்று கண்டால் வேலை செய்யும் விதத்தை அது மாற்றிக்கொள்ளும். இப்போது வருகிற பலவற்றில் அது இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. லென்ஸோடு வரும் சின்னப் புத்தகத்தில் ட்ரைபொட் பற்றி இரண்டு வரி பெரும்பாலும் இருக்கும். இரண்டாம் கையாக வாங்குபவர்களுக்கு அந்தப் புத்தகம் கிடைப்பதில்லை. கம்பனியின் தளத்தில் இறக்கலாம். நான் அதைச் செய்தது நாற்பது படமும் கெட்ட பிறகுதான்.

1/15இல் சுவிட்சை நிறுத்தியும் மழுங்கியதற்குக் காரணம் கமராவின் உள்ளே துள்ளும் மிரர், லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி அல்ல, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியானது. ஷட்டர் திறக்க முதல் அது மேலே போய் அடிக்கும். மிக வேகமான ஷட்டர் அந்த அதிர்வு படத்தை நகர்த்த முதலே மூடிவிடும். எட்டுச் செக்கன் திறந்திருந்தால் அதிர்வு அதில் ஒரு துளி. நடுவில் இருக்கிற 1/30, 1/15, 1/8, கால் செக்கன், இவைதான் மாட்டிக்கொள்ளும். பின் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் போட்டு எடுத்தால் மிரர் ஏற்கனவே மேலே இருக்கும், பிரச்சினை பெரும்பாலும் தீரும். அந்த மிரரே இல்லாத மிரர் லெஸ் கமரா வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.

சரி, இப்போது உதைத்த கதை.

கல்லடிப் பாலம். 1924இல் திறந்த இரும்புப் பாலம், லேடி மானிங் பாலம் என்பது அதன் பெரிய பெயர். பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பழையது கொஞ்சம் ஓய்வாக நிற்கிறது. முழுநிலவுப் போயா இரவில் வாவிக்கு மேலே நிலவும், தண்ணீரில் விழும் கரை விளக்குகளும் எடுக்கலாம் என்று போனேன். மாமாவின் வேதவாக்கு இருக்கிறதே, முதல் வேலையாகச் சுவிட்சை நிறுத்தினேன். எடுத்தேன். பத்தில் எட்டு கலங்கல். விளக்குகள் எல்லாம் சின்னப் புழுக்களாக நெளிந்து கிடந்தன.

பாலத்தின் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாராவது சைக்கிள் உருட்டிக்கொண்டு போனால் கைக்கு வருகிறது. ஒரு குடும்பம் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு நடந்து வந்தால், அவர்கள் இருபது அடி தூரத்தில் இருக்கும்போதே இரும்பு பேசத் தொடங்கிவிடுகிறது. ட்ரைபொட்டின் கால் அசையவில்லை, கால் நிற்கிற தரைதான் அசைகிறது. லென்ஸுக்கு இது கையின் நடுக்கத்துக்குச் சொந்தக்காரன்.

சுவிட்சைப் போட்டேன். ஐஎஸ்ஓவை ஏற்றி 1/15க்குக் கொண்டு வந்தேன். பத்தில் ஆறு தெளிவு. நிறுத்தி அதே 1/15இல் எடுத்தால் பத்தில் இரண்டு. மாறி மாறி மூன்று சுற்று எடுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அதே கணக்கு. எட்டுச் செக்கன் வைத்தால் இரண்டும் பாழ், ஏனென்றால் பாலத்தின் மெதுவான அசைவை அந்தச் சென்சர் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பாலத்தை விட்டு இறங்கிக் கரையில் கெட்டியான நிலத்தில் ட்ரைபொட்டை வைப்பது. இறங்கினேன். சுவிட்சை மறுபடி நிறுத்தினேன். தண்ணீரில் விளக்குகள் நூல் பிடித்த மாதிரி வந்தன.

அதனால் இப்போது 'கால் இருக்கிறதா' என்று நான் யோசிப்பதில்லை. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். சீமெந்து, பாறை, இறுகிய மண் என்றால் நிறுத்தம். பாலம், பலகைத் தளம், கலியாண மண்டப மேடை, மாடிவீட்டு மொட்டைமாடியில் பிள்ளைகள் ஓடித் திரிவது, இவற்றில் போட்டும் எடுப்பேன், நிறுத்தியும் எடுப்பேன், அங்கேயே பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுப்பேன். பெரிதாக்காமல் பின் திரையை நம்பக்கூடாது என்பதற்கு அந்த இரண்டு வடையே சாட்சி.

நிலவைப் பற்றி ஒரு சொல். அன்று நிலவும் கலங்கியது. அதில் சுவிட்சுக்கோ பாலத்துக்கோ பங்கில்லை, கரையில் இருந்து எடுத்ததிலும் கலங்கியது. நிலவு வானத்தில் செக்கனுக்கு 15 விகலைக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. என் லென்ஸில் அது செக்கனுக்கு ஐந்து பிக்சல். அரைச் செக்கன் திறந்தாலே ஓரம் மழுங்கும். முழு நிலவு நல்ல வெளிச்சமானது, எஃப்8, ஐஎஸ்ஓ 100, 1/125 என்று தொடங்கினால் போதும். நிலவும் கரை விளக்கும் ஒரே படத்தில் சரியாக வர வேண்டும் என்றால், நிலவு அடிவானத்தில் மங்கலாக எழும்புகிற அந்தச் சில நிமிசத்தில்தான் வாய்ப்பு.

காற்று வேறு கதை. வைகாசி தாண்டினால் இங்கே கச்சான் அடிக்கும். வெளியூர்க்காரர் கச்சான் என்றால் கடலை கொறிக்க நினைப்பார்கள். எங்களுக்கு அது மேற்கில் இருந்து வரும் சூட்டுக் காற்று, உதடு வெடிக்கும். கச்சான் நேரத்தில் ட்ரைபொட்டில் வைத்த நீள லென்ஸ் பாய்மரம் மாதிரி. ஸ்டெபிலைசர் போட்டால் சில நேரம் உதவும், ஆனால் அதை நம்பி நிற்பதைவிடக் காற்று பிடிக்கும் சாமான்களைக் குறைப்பது மேல். கமராவின் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள், அது படபடவென்று அடிப்பதே போதும். வெயில் எதிரில் இல்லை என்றால் லென்ஸ் ஹூட்டையும் கழற்றலாம். ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம், உயர்த்தினால் மூன்று காலில் நிற்பது ஒற்றைக்காலில் நிற்பதாகிவிடும். கால்களை நீட்டும்போது மேல் பகுதியின் தடித்த குழாயை முதலில் நீட்டுங்கள், மெல்லியது கடைசியில். பையை நடுவில் தொங்கவிடுவது எல்லோரும் சொல்வது, ஆனால் பை காற்றில் ஊஞ்சலாடினால் ட்ரைபொட்டும் சேர்ந்து ஆடும். பையின் அடி நிலத்தில் தொட்டு நிற்குமாறு கட்டுங்கள். லென்ஸுக்குக் கழுத்து வளையம் இருந்தால் ட்ரைபொட்டை அதில்தான் பூட்ட வேண்டும். கமராவில் பூட்டினால் முன்பாரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கடற்கரை மணல் இன்னொரு எதிரி. கல்லடிக் கடற்கரையில் ஈர மணலில் காலை ஊன்றி முப்பது செக்கன் வைத்தால், ஒவ்வொரு அலை வந்து போகும்போதும் கால் ஒரு நூல் இறங்கும். ஒருநாள் கரைவலை இழுத்து முடித்து உட்கார்ந்திருந்த ஒருவர் என் கூத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழும்பிப் போய் மூன்று சிரட்டை கொண்டு வந்து போட்டார். "இதுக்குள்ள வை தம்பி." சிரட்டையை நிமிர்த்தி மணலில் அழுத்தி, ஒவ்வொரு காலையும் அதற்குள் வைத்தேன். அலை எட்டாத இடத்தில் அது அருமையாக நிற்கும். ஊன்றிய உடனே எடுக்காமல் ஒரு நிமிசம் விட வேண்டும், மணல் இருந்து அமர நேரம் வேண்டும். அலை காலைத் தொடும் இடத்தில் சிரட்டையும் மிதக்கும், ஆகவே அங்கே குறுகிய ஷட்டர்தான். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபொட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் விட்டு, பூட்டு உப்பேறி இறுகி, குறடு வைத்துத் திருகினேன்.

குமண தேசியப் பூங்காவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், பொத்துவில், பாணம, உகந்தை வழியாக. மே, யூனில் குமண வில்லு என்ற சதுப்புக் குளத்தில் கூடு கட்டும் பறவைகளைப் பார்க்க. அங்கே ஜீப்பை விட்டு இறங்க முடியாது, ட்ரைபொட் பையிலேயே தூங்கும். முதல் முறை லென்ஸை ஜன்னல் ஓரத்தில் வைத்து, இது காலில் வைத்த மாதிரிதானே என்று சுவிட்சை நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சங்குவளை நாரைகள் எல்லாம் கம்பளிப் பூச்சியாக வந்தன. இரண்டாம் முறை பழைய காற்சட்டைக் காலை வெட்டி, இரு பக்கமும் தைத்து, நெல்லு நிரப்பிக் கொண்டுபோனேன். அம்பாறைப் பக்கம் நெல்லுக்கா பஞ்சம். உமியும் நிரப்பிப் பார்த்தேன், பாரம் போதவில்லை. நெல்லுப் பையை ஜன்னலில் போட்டு அதன் மேல் லென்ஸ், சுவிட்ச் போட்டது, சாரதி அண்ணனிடம் கேட்டு எஞ்சின் நிறுத்தியது. பை உலோகம் மாதிரி இல்லை, கையின் சதை மாதிரி அதிர்வை விழுங்கும். ஜீப்பில் நாலு பேர் மூச்சு விடுவதும் திரும்புவதும் மிச்சம், அதை ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும். ஒற்றைக்கால் மோனோபொட்டுக்கும் இதே கதைதான், போட்டே வையுங்கள்.

பறக்கும் பறவையைத் துரத்த ட்ரைபொட் தலையைத் தளர்த்தி விட்டுச் சுழற்றினால் அது பாதிக் கை, பாதிக் கால். சில லென்ஸ்களில் சுவிட்ச் இரண்டு இருக்கும், ஒன்று போட - நிறுத்த, மற்றது மோட் 1, மோட் 2. இரண்டாவது பக்கவாட்டில் துரத்தும்போது மேல் கீழ் ஆட்டத்தை மட்டும் திருத்தும், நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதை எதிர்க்காது. மோட் 1இல் வைத்துத் துரத்தினால் லென்ஸ் உங்களோடு மல்லுக்கட்டும்.

அந்த மல்லுக்கட்டை நான் வீடியோவில் நன்றாகவே அனுபவித்தேன். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. ஒரு குடும்பம் தங்கள் நேர்த்தியைப் படமாக்கக் கேட்டிருந்தது. சனத்தின் மேல் மெதுவாகக் கமராவைத் திருப்பி, தீக்குழியில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். ட்ரைபொட், வீடியோத் தலை, எல்லாம் சரி. சுவிட்ச் மட்டும் போட்டிருந்தது. நான் திருப்பத் தொடங்கியபோது படம் அரைக் கணம் தயங்கி, பிறகு ஓடி வந்து சேர்ந்தது. நிறுத்தியபோது தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றது, கயிற்றில் கட்டிய வாளி மாதிரி. அந்த இடத்தில் எடுத்த காட்சியை மறுபடி எடுக்க முடியுமா? அம்மனைத் திரும்ப அழைக்க முடியாது. வெட்டி ஒட்டிச் சமாளித்தேன். அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கு இன்றும் தெரிகிறது. ட்ரைபொட்டில் வீடியோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விசயம். கையில் பிடித்து எடுக்கும்போது பாதி அழுத்தியதும் படம் ஒரு துள்ளுத் துள்ளும், அது அடங்க அரைச் செக்கன் கொடுங்கள். துள்ளும்போதே அழுத்தினால், நல்ல சுவிட்சே படத்தைக் கெடுக்கும். மற்றது, 'ர்ர்ர்' ஓடிக்கொண்டிருக்கும்போது லென்ஸைக் கழற்றாதீர்கள். உள்ளே உள்ள கண்ணாடி பூட்டுப்படாமல் கலகலவென்று ஆடும். நான் ஒருமுறை அப்படிக் கழற்றி, உடைந்துவிட்டது என்று வியர்த்து, திரும்பப் பூட்டி, கமராவைப் போட்டு, சுவிட்சை நிறுத்திக் கழற்றியபோது சத்தம் போய்விட்டது.

சுவிட்சை மறப்பதுதான் பெரிய தொல்லை. ட்ரைபொட்டில் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் கலியாணவீட்டில் கையில் பிடித்து எடுக்கும்போதும் நிறுத்தியபடியே எடுப்பது. 300இல் கையால் எடுக்க என் கமராவுக்கு 1/500 வேண்டும், ஸ்டெபிலைசர் இருந்தால் 1/60, அதிர்ஷ்டம் இருந்தால் 1/30 வரை இறங்கலாம். அது இல்லை என்று தெரியாமல் இறங்கினால், மாப்பிள்ளை தாலி கட்டுகிற இடத்தில் கை மட்டும் நாலாக வரும். அதற்காக ட்ரைபொட்டின் பூட்டுத் தகட்டில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். மனைவியின் பொலிஷ், கேட்காமல் எடுத்தது. தகட்டைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் புள்ளி கண்ணில் படும், விரல் தானாகச் சுவிட்சுக்குப் போகும்.

போன மாதம் திரும்பவும் பாலமீன்மடுவுக்குப் போனேன். அதே நேரம், அதே இடம், இறுகிய மண், காற்று இல்லை. இந்த முறை கடலும் சட்டத்துக்குள். சுவிட்ச் நிறுத்தம், லைவ் வியூ, இரண்டு செக்கன் டைமர். எடுக்க முதல் குனிந்து லென்ஸில் காதை வைத்தேன், பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சத்தம் இல்லை. படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து மாமாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உச்சியில் இருந்த கைப்பிடிக் கம்பிகளைச் சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி முடித்தார். தலையை ஆட்டினார். பிறகு படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி மருமகன். கடல் என்னத்துக்குச் சரிஞ்சு கிடக்கு?"